லாங்டாங் பள்ளத்தாக்கு: கூட்டத்தில் சிக்காமல் நடந்துவர ஒரு முழுமையான வழிகாட்டி

இமயமலையில் அமைதியாக நடந்துவிட்டு வர வேண்டும் என்று யாரிடமாவது சொன்னால், உடனே ஆள் நடமாட்டமே இல்லாத ஏதோ ஒரு பாதையின் பெயரைச் சொல்வார்கள். அங்கே லாட்ஜ் இருக்காது. கூடாரம், சமையல்காரர், சுமை தூக்க நாலு பேர் என்று செலவு எங்கேயோ போய்விடும். முதல்முறை போகிறவருக்கு அது தேவையே இல்லை. நேபாளத்தின் லாங்டாங் பள்ளத்தாக்கு போல எல்லாரும் அறிந்த, வழி நெடுக விடுதிகள் உள்ள பாதையிலேயே நிம்மதியாக நடக்கலாம். எந்த மாதம் போகிறோம், எந்த ஊரில் ராத்தங்குகிறோம் என்ற இரண்டு முடிவுகளில்தான் எல்லாம் இருக்கிறது.

இந்த விடுதிகளைத்தான் டீஹவுஸ் என்றும் லாட்ஜ் என்றும் சொல்வார்கள், மலைக்குடும்பங்கள் நடத்துபவை. இரண்டு கட்டில் போட்ட ஒரு பலகை அறை, கனமான ரஜாய், கீழே எல்லாரும் சேர்ந்து உட்காரும் சாப்பாட்டுக்கூடம். உணவும் படுக்கையும் அங்கேயே கிடைப்பதால், முதுகில் எட்டு ஒன்பது கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டியதில்லை.

எவரெஸ்ட் அடிவாரத்துக்குப் போவதென்றால் லுக்லாவுக்குச் சிறு விமானம் பிடிக்க வேண்டும். வானிலை கெட்டால் அதற்காக நாள்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். லாங்டாங்குக்கு அந்தத் தொல்லை இல்லை, காத்மாண்டுவிலிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். 1976இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி இது, பரப்பு 1,710 சதுர கிலோமீட்டர். கீழே மூங்கில் காடு, நடுவில் ரோடோடென்ட்ரான் மரங்கள், மேலே யாக் மேயும் புல்வெளி, அதற்கும் மேலே 7,200 மீட்டரைத் தாண்டும் லாங்டாங் லிருங் சிகரம். நாலைந்து நாள் நடைக்குள் இவ்வளவும் வந்துவிடும்.

1. மாதத்தை முடிவு செய்தல்

அக்டோபரில் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும், உண்மைதான். ஆனால் உலகம் முழுக்க அன்றைக்குத்தான் கிளம்பும். நம் நவராத்திரி நாட்களில் அங்கே தசைன், தீபாவளியை ஒட்டி திஹார். இந்தியாவிலிருந்து விடுமுறைக் கூட்டமும் அப்போதுதான் வந்து சேரும். கைடுகளோ பண்டிகைக்கு வீட்டில் இருக்கவே விரும்புவார்கள். அறை கிடைக்காமல் சாப்பாட்டுக்கூடத்து பெஞ்சில் படுப்பவர்களை அந்தச் சமயத்தில் பார்க்கலாம்.

என் பரிந்துரை இரண்டு பருவங்கள். நவம்பர் மூன்றாம் வாரம் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை ஒன்று. குளிர் கடுமை, மேலே இரவில் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாகவே இறங்கும், ஆனால் காற்று தெளிவாக இருக்கும், லாட்ஜ்காரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். மற்றொன்று மார்ச்சின் முதல் மூன்று வாரங்கள். கீழ்க்காட்டில் ரோடோடென்ட்ரான் பூக்கத் தொடங்கும் நேரம் அது. மேலே பழைய பனி மிச்சமிருக்கலாம். ஜனவரியில் மேலுள்ள லாட்ஜுகள் பலவும் பூட்டியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அட்டை, நிலச்சரிவு. அமைதி வேண்டும் என்பதற்காக மழைக்காலத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள், காத்மாண்டுவிலிருந்து போகும் சாலையே அப்போது நம்பகமில்லை.

தமிழ்நாட்டுக்காரர்களுக்கு எளிதாகப் புரியக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. வங்கக்கடலில் புயல் என்றால் நாம் சென்னையையும் நாகப்பட்டினத்தையும்தான் நினைப்போம். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுத்ஹுத் புயலின் மிச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும் பனியாகக் கொட்டியது. 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே அக்டோபர், நவம்பரில் மலையில் இருந்தால் வங்கக்கடல் வானிலையையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். புயல் வடக்கே திரும்புகிறது என்று தெரிந்தால் உயரே ஏறாமல் இருக்கும் ஊரிலேயே இரண்டு நாள் உட்கார்ந்துவிடுவது நல்லது.

2. தாள்கள், பணம், காப்பீடு

இந்தியர்களுக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஆதாரை நம்பிக் கிளம்பி விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். இலங்கையிலிருந்து வருவோருக்கு, சார்க் நாட்டவர் என்ற முறையில், ஆண்டின் முதல் வருகைக்கு 30 நாள் விசா கட்டணமின்றிக் கிடைக்கும்.

பெர்மிட் இரண்டு. தேசியப் பூங்கா நுழைவுக்கு சார்க் நாட்டவருக்கு 1,500 நேபாள ரூபாய், மற்றவர்களுக்கு 3,000. டிம்ஸ் என்ற ட்ரெக்கர் பதிவு அட்டைக்கு முறையே 1,000, 2,000. இந்தக் கட்டணங்கள் அவ்வப்போது மாறும், கிளம்பும் முன் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பூங்கா அனுமதியை காத்மாண்டுவின் பிரிகுடிமண்டபத்தில் உள்ள சுற்றுலா வாரிய அலுவலகத்தில் வாங்கலாம், வழியில் துன்சே சோதனைச்சாவடியிலும் வாங்கலாம். அங்கே ராணுவத்தினர் பையைத் திறந்து பார்ப்பார்கள். ட்ரோன் இருந்தால் தனி அனுமதி வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டவர் கைடு இல்லாமல் ட்ரெக்கிங் போகக் கூடாது என்று விதி. எல்லா இடத்திலும் ஒரே கண்டிப்போடு அமலாகவில்லை என்றாலும் கைடு வைத்துக்கொள்வதே மேல். ஒரு நிபந்தனை: லாங்டாங் இருக்கும் ரசுவா மாவட்டத்து ஆளாக இருக்கட்டும், முடிந்தால் லாங்டாங்காரராகவே. எந்த வீட்டில் இன்று அடுப்பு எரிகிறது, எந்த ஓடைப் பாலம் போன வாரம் அடித்துப் போனது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ஒரு நாள் கூலி சுமார் 25 முதல் 35 டாலர் வரை. நீங்கள் எங்கே தங்க விரும்புகிறீர்கள் என்பதை ஏஜென்சியிடம் பணம் கட்டும் முன்பே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாரையும் கொண்டுபோய்விடும் அதே மூன்று ஊர்களுக்குத்தான் உங்களையும் கொண்டுபோவார்கள்.

மேலே ஏடிஎம் கிடையாது. மொத்தப் பணத்தையும் காத்மாண்டுவிலேயே நேபாள ரூபாயாக மாற்றி, சிறு நோட்டுகளாகக் கொண்டுபோக வேண்டும். 100 இந்திய ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், இது பல ஆண்டுகளாக மாறாத விகிதம். சாப்பாடு, அறை, டீ, சார்ஜிங் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 3,000 முதல் 4,500 நேபாள ரூபாய் வரை ஒதுக்குங்கள். கைடு, பெர்மிட், பஸ் தனி.

காப்பீட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் ஊரில் விற்கும் பல பயணக் காப்பீடுகளில் மலையேற்றம் விலக்குப் பட்டியலில் இருக்கும். 5,000 மீட்டர் உயரம் வரையிலும் ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுமா என்று பாலிசித் தாளைப் படித்தே வாங்குங்கள். அதே சமயம், சாதாரணத் தலைவலிக்கே ஹெலிகாப்டரை வரவழைத்துக் காப்பீட்டில் பணம் கறக்கும் கூட்டம் இருப்பது 2018இல் நேபாள அரசின் விசாரணையிலேயே வெளிவந்தது. இறங்கி நடக்க முடிகிற நிலையில் ஹெலிகாப்டரில் ஏறச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், காப்பீட்டு நிறுவனத்துக்கு நேரடியாக போன் போட்டுக் கேளுங்கள்.

3. உடம்பும் பையும்

கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே மாடிப்படி ஏறத் தொடங்குங்கள், பையில் ஆறு கிலோ போட்டுக்கொண்டு. ஜிம்மில் ஓடுவதைவிட இதுதான் உதவும். பர்வதமலையோ வெள்ளியங்கிரியோ பக்கத்தில் இருந்தால் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது முழங்கால் என்ன சொல்கிறது என்பதைக் கவனியுங்கள், லாங்டாங்கிலும் அதையேதான் சொல்லும்.

ஷூ பழகியதாக இருக்கட்டும். இறகு அடைத்த தடிமனான டவுன் ஜாக்கெட்டும் தூக்கப்பையும் (ஸ்லீப்பிங் பேக்) காத்மாண்டுவின் தமேல் பகுதியில் வாடகைக்குக் கிடைக்கும், அங்கிருந்தே எடுக்கலாம். நடைக்கம்பு இரண்டு, நெற்றி விளக்கு, கறுப்புக் கண்ணாடி, இரண்டு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாட்டில், குளோரின் மாத்திரை அல்லது ஃபில்டர். பிளாஸ்டிக் பாட்டில் தண்ணீரை வாங்காதீர்கள், காலி பாட்டிலைக் கீழே கொண்டுவர அங்கே ஆளில்லை. தேங்காய் எண்ணெய் மேலே கல்லாக இறுகிவிடும், வறண்ட சருமத்துக்கு வேறு ஏதாவது கொண்டுபோங்கள். பருப்புப் பொடி ஒரு சிறு பொட்டலம் கட்டாயம். ஐந்தாம் நாள் தால் பாத்தின் (பருப்பும் சோறும்) மேல் அதைத் தூவிச் சாப்பிடும்போது என்னை வாழ்த்துவீர்கள். ஆனால் ரெடிமேட் உப்புமா, நூடுல்ஸ் என்று மூட்டை கட்டாதீர்கள். லாட்ஜ்காரருக்கு வருமானமே சாப்பாட்டில்தான், அறை வாடகை பெயருக்குத்தான்.

4. எந்த ஊரில் ராத்தங்குவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் என்றால் இதைப் படியுங்கள்.

வழக்கமான திட்டம் இப்படிப் போகும்: முதல் இரவு சியாப்ருபேசி, சுமார் 1,500 மீட்டர். இரண்டாம் இரவு லாமா ஹோட்டல், 2,400க்கும் மேல். இது ஒரு ஹோட்டல் என்று நினைத்துவிடாதீர்கள், நாலைந்து விடுதிகள் உள்ள இடத்துக்கே அதுதான் பெயர். மூன்றாம் இரவு லாங்டாங் கிராமம், 3,430. நான்காம் இரவு கியான்ஜின் கோம்பா, சுமார் 3,870. மூன்றாம் நாளில் மட்டும் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஒரேயடியாக ஏறுகிறோம். 3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால் தூங்கும் உயரத்தை ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவத்தின் பொது விதி. இந்தத் திட்டத்தில் போகிற பலருக்கும் லாங்டாங் கிராமத்தில் தலைவலி பிடிப்பது இதனால்தான். தவிர எல்லாரும் ஒரே திட்டத்தில் நடப்பதால் அந்த மூன்று ஊரும் நிரம்பி வழியும், இடையில் உள்ள ஊர்கள் காலியாகக் கிடக்கும்.

ஆகவே நடுவில் தங்குங்கள். கூட்டமும் குறையும், உடம்பும் உயரத்துக்குப் பழகும்.

முதல் நாள்: காத்மாண்டுவின் மச்சாபோகரி பஸ் நிலையத்திலிருந்து அதிகாலை வண்டி. தூரம் பார்த்தால் குறைவுதான், ஆனால் சாலையின் லட்சணத்தால் ஏழு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். டிக்கெட்டை முந்தைய நாளே எடுத்து, முன்பக்க சீட்டாகக் கேளுங்கள். திரிசூலி, துன்சே வழியாக சியாப்ருபேசி. லாங்டாங் ஆறும் போட்டே கோசியும் கலக்கும் இடம் அது.

இரண்டாம் நாள்: ஆற்றங்கரையோடு காட்டுக்குள் நடை. பைரோ, பாம்பூ என்று சின்னச் சின்ன நிறுத்தங்கள். எதிர்ப்பக்கத்துப் பாறைமுகட்டில் பெரிய தேன்கூடுகள் தொங்குவதைப் பார்க்கலாம். கருமுகக் குரங்குகள் நிச்சயம், சிவப்பு பாண்டா உங்கள் அதிர்ஷ்டம். லாமா ஹோட்டலுக்கு முன்னாலேயே, பாறைமேட்டில் ரிம்சே என்ற இடம் வரும், சுமார் 2,450 மீட்டர். பெரும்பாலோர் டீ குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். நீங்கள் அங்கேயே தங்குங்கள். ஆற்றின் இரைச்சல் கீழே நின்றுவிடும், வெயிலும் கூடுதல் நேரம் கிடைக்கும்.

மூன்றாம் நாள்: லாமா ஹோட்டல் தாண்டி ஓக், ஹெம்லாக் மரக்காடு. சுமார் 3,000 மீட்டரில் மரங்கள் விலகி கோடா தபேலா வரும். அங்கே சோதனைச்சாவடி உண்டு, பெர்மிட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு சரியாக இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் நடந்து 3,140 மீட்டரில் உள்ள தியாங்ஷியாப்பில் தங்கலாம், இல்லையென்றால் கோடா தபேலாவே சரி.

நான்காம் நாள்: நடை குறைவு, மனம்தான் கனக்கும். 2015 ஏப்ரல் 25 நண்பகலுக்குச் சற்று முன் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் லாங்டாங் லிருங்கின் சரிவிலிருந்து பனியும் பாறையும் சரிந்து பழைய லாங்டாங் கிராமத்தை அப்படியே மூடிவிட்டன. ஊர்க்காரர்களும் வெளிநாட்டினருமாக 250க்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். செங்குத்துப் பாறை ஒன்றின் அடியில் ஒண்டியிருந்த ஒரே ஒரு வீடு மட்டும் தப்பியது. பாதை இன்றைக்கும் அந்தக் கற்குவியலின் மேல்தான் போகிறது. அந்தக் கற்களுக்கு அடியில் ஊர் இருக்கிறது என்பது நடக்கும்போது நினைவிருக்கட்டும். இறந்தவர்களின் பெயர்கள் பொறித்த நினைவுச்சுவர் அருகில் உண்டு. நின்று படியுங்கள், செல்ஃபி எடுக்காதீர்கள். லாட்ஜ் நடத்தும் அக்காவிடம் அந்த நாளைப் பற்றி நீங்களாகக் கிளறாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

புதிய லாங்டாங் கிராமத்தில் மதியச் சாப்பாடு. பிறகு முக்கால் மணி நேரம் மேலே நடந்தால் முந்து, சுமார் 3,540 மீட்டர். பழைய கல்வீடுகள், உருளைக்கிழங்கு வயல், சில விடுதிகள். இந்தப் பயணத்தின் மிக நல்ல இரவு இங்கேதான் என்பது என் எண்ணம்.

ஐந்தாம் நாள் நீளமான மணிச்சுவர்களை ஒட்டி இரண்டு மணி நேரம் நடந்தால் கியான்ஜின் கோம்பா. மந்திரம் செதுக்கிய அந்தச் சுவர்கள் எப்போதும் உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும், நாம் கோயிலைச் சுற்றும் அதே முறைதான்.

5. கியான்ஜினில் இரண்டு முழு நாள்

கியான்ஜினில் மாடி மாடியாக லாட்ஜுகள் வந்துவிட்டன. கூட்டம் இருக்கத்தான் செய்யும், அதைத் தவிர்க்க முடியாது. ஊரின் விளிம்பில், பேக்கரிகளுக்குத் தள்ளி ஒரு வீட்டைப் பார்த்துத் தங்குங்கள். 1950களில் சுவிட்சர்லாந்து உதவியோடு தொடங்கிய சீஸ் பண்ணை இங்கே உண்டு, ஒரு துண்டு வாங்கி மறுநாள் வழியில் சாப்பிடலாம். சீ பக்தார்ன் என்ற ஆரஞ்சு நிறப் புளிப்புக்கனியின் சூடான சாறு கிடைத்தால் விடாதீர்கள்.

வந்த மறுநாள் காலை, ஊருக்கு மேலே உள்ள கியான்ஜின் ரி என்ற குன்று. சுமார் 4,400 மீட்டரில் கீழ்முகடு, தெம்பிருந்தால் மேல்முகடு. விடியலுக்கு எல்லாரும் ஏறுவார்கள். ஒன்பது மணிக்குக் கிளம்பினால் அவர்கள் இறங்கி வந்துகொண்டிருப்பார்கள், முகடு உங்களுக்கே. 5,000 மீட்டரை ஒட்டிய செர்கோ ரி என்ற முகட்டை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அது அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. இரண்டாம் நாளை அதில் செலவிடுவதற்குப் பதில், பள்ளத்தாக்கின் மேல்முனையில் உள்ள லாங்ஷிசா கர்கா திசையில் நடங்கள். ஏற்றம் குறைவு, தூரம் அதிகம், வழியில் டீக்கடைகூடக் கிடையாது. அதனால்தான் ஆளும் வருவதில்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு காலை ஆறுக்குக் கிளம்புங்கள். கடைசிவரை போக வேண்டும் என்றில்லை, பகல் பன்னிரண்டுக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று வலுக்கும், மேகமும் இறங்கும்.

6. உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால்

லேசான தலைவலி, பசியின்மை, தூக்கம் கெடுவது பலருக்கும் வரும். அந்த நிலையில் அடுத்த ஊருக்கு ஏறக் கூடாது. அங்கேயே ஓய்வு, தண்ணீர், சூப். ஒரு நாளில் குறையவில்லை என்றால் இறங்கிவிடுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், குழறிய பேச்சு, குடித்தவர் போலத் தள்ளாட்டம், இவற்றில் ஒன்று வந்தாலும் நள்ளிரவானாலும் துணையோடு கீழே இறங்கியாக வேண்டும். சந்தேகம் இருந்தால் குதிகாலும் விரல்முனையும் தொட்டுத் தொட்டு நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். தடுமாறினால் பேச்சே வேண்டாம், இறக்கிவிடுங்கள். உயர நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரையை உங்கள் டாக்டரிடம் கேட்டு, சல்ஃபா ஒவ்வாமை இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு வைத்திருக்கலாம். மலையில் மது வேண்டாம், குறைந்தபட்சம் இறங்கும் வரை.

7. லாட்ஜில் நடந்துகொள்வது

சேர்ந்தவுடன் ராச்சாப்பாட்டைச் சொல்லிவிடுங்கள். ஒரே அடுப்பு, ஒரே ஆள். பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்டால் எட்டரை மணி ஆகும். தால் பாத் சொன்னால் சோறும் பருப்பும் மறுபடி போடுவார்கள், விலையும் நியாயம். தங்கும் வீட்டிலேயே ராச்சாப்பாடும் காலை உணவும் சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். அறை வாடகை குறைவாக இருப்பதே அதனால்தான், அதில் இன்னும் பேரம் பேசுவது அழகில்லை.

மாலை ஐந்தரை வாக்கில் கூடத்து நடுவில் உள்ள இரும்பு அடுப்பை மூட்டுவார்கள். விறகோ யாக் சாண வறட்டியோ எரியும். ஈரக் காலுறைகளை அதைச் சுற்றிய கம்பியில் தொங்கவிடலாம், அடுப்புக்குள் பிஸ்கட் கவர் போடக் கூடாது. வீட்டுக்காரரை நேபாளியில் தீதி (didi), தாய் (dai) என்று கூப்பிடுங்கள், நம் அக்கா, அண்ணன் என்பதுபோல. புளூடூத் ஸ்பீக்கரை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நம்மவர்கள் மேல் அங்கே உள்ள பெரிய புகாரே அதுதான், புகாரில் நியாயமும் இருக்கிறது.

சார்ஜிங், வைஃபை, சுடுதண்ணீர்க் குளியல் எல்லாவற்றுக்கும் தனிக்காசு. நேபாள டெலிகாமின் நமஸ்தே சிம் ஓரளவு எடுக்கும். இரவில் போனையும் பவர் பேங்கையும் தூக்கப்பைக்குள் வைத்துக்கொண்டு படுங்கள், குளிரில் சார்ஜ் தானாக இறங்கிவிடும். கணக்கை ஒரு நோட்டில் எழுதி வருவார்கள், மறுநாள் காலையில் பார்த்து மொத்தமாகக் கொடுத்தால் போதும்.

8. இறங்கும் வழி

எட்டாம் நாள் கியான்ஜினிலிருந்து கோடா தபேலா அல்லது அதற்குக் கீழே ரிவர்சைடு வரை இறங்கலாம். ஒன்பதாம் நாள் ரிம்சேயில் பாதை பிரியும். கூட்டம் ஆற்றை ஒட்டி இறங்கிப் போகும். நீங்கள் வலப்பக்க மலைச்சரிவில் மேலேயே போகும் ஷெர்பாகாவ் பாதையைப் பிடியுங்கள். வெயில் படும் புல்சரிவு, பைன் மரங்கள், தொலைவில் கணேஷ் ஹிமால் மலைத்தொடர். பாதை சில இடங்களில் குறுகலாக, ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும், மழையோ பனியோ பெய்திருந்தால் கைடு சொல்வதைக் கேளுங்கள். ஷெர்பாகாவில் ஓரிரவு, மறுநாள் காங்ஜிம் வழியாக முழங்காலைச் சோதிக்கும் இறக்கத்தில் சியாப்ருபேசி.

கூடுதலாக ஐந்தாறு நாள் இருந்தால் சியாப்ருபேசி வரை போகாமல் துலோ சியாப்ரு, சிங் கோம்பா வழியாக 4,380 மீட்டரில் உள்ள கோசாயிகுண்டம் ஏரிக்கு ஏறலாம். ஆலகால விஷத்தை உண்ட சிவன் தொண்டை எரிச்சல் தணிய சூலத்தால் குத்தி உண்டாக்கிய தீர்த்தம் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஆவணி அவிட்டம் அன்று, அவர்களுக்கு ஜனை பூர்ணிமா, ஆயிரக்கணக்கானோர் கூடுவார்கள். மற்ற நாட்களில் அமைதிதான்.

சியாப்ருபேசியில் இறங்கியதும் முதல் வேலை மறுநாள் பஸ்ஸுக்கு டிக்கெட். கைடுக்கான அன்பளிப்பை, மொத்தக் கூலியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல், கவரில் போட்டு அன்று இரவே கொடுத்துவிடுங்கள், காலை பஸ் அவசரத்தில் மறந்துபோகும். காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்பும் விமானத்தை அடுத்த நாளுக்கே போடாதீர்கள். சாலை அடைபட்டால் ஒரு நாள் கையில் இருக்க வேண்டும். எதுவும் ஆகவில்லை என்றால் அந்த நாளில் பக்தபூர் போய் மண்சட்டித் தயிர் சாப்பிடலாம்.